படகில் குடியிருந்து கரையோர ஊர்களைச் சுற்றுவது: பினாங்கிலிருந்து, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் மனைவியும் ஆறு வருஷமாக 34 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில் குடியிருக்கிறோம். பினாங்குத் தீவுக்கும் ஜெரஜாக் தீவுக்கும் நடுவில் நங்கூரம் போட்டிருப்போம். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வடக்கே லங்காவி, தெற்கே பங்கோர் என்று கரையை ஒட்டிச் சுற்றுவோம். கல்யாண வீட்டிலும் கோயிலிலும் மாமாக் கடையிலும் எங்களைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி, தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

தரையில் நல்ல வீடு இருக்கும்போது படகில் போய் ஏன் குடியிருக்கிறீர்கள்?

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். அந்தக் கப்பல் 1926 முதல் 1973 வரை தமிழ்நாட்டுக் கரைக்கும் மலாயாவுக்கும் நடுவில் ஓடியது. தாத்தா இந்த நாட்டில் முதலில் கால் வைத்தது ஜெரஜாக் தீவில். கப்பலில் வந்தவர்களுக்கு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் நிறுத்தி வைப்பார்கள். பிற்பாடு அதே தீவு 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக இருந்தது.

தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் 28 வருஷம் லேத் மெஷினில் வேலை பார்த்தேன். தினமும் பாலத்தில் போகும்போது தெற்குப் பக்கம் பச்சையாக ஒரு தீவு தெரியும். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. படகு வாங்கி முதல் ராத்திரி அதன் பக்கத்தில் நங்கூரம் போட்டு, விடிந்ததும் மேல்தட்டில் வந்து நின்றேன். எதிரே பினாங்கு மலை, அதன் அடியில் ஊர். தாத்தா இந்தக் கோணத்திலிருந்துதான் இதைப் பார்த்திருப்பார் என்று தோன்றியதும் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

நம் பாட்டன் பூட்டன் எல்லாரும் கடல் வழியாக வந்தார்கள். இறங்கியதும் தோட்டத்துக்கும் ரயில் சடக்குக்கும் உள்ளே போய்விட்டார்கள். நாம் அதன்பிறகு கடல் பக்கம் திரும்பியது மாசி மகத்துக்கு மட்டும்தான். ஆனால் இந்தக் கரையில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் வாசல் கடல் பக்கம். நெடுஞ்சாலையில் போகும்போது நாம் கொல்லைப்புறமாக நுழைகிறோம். வாசல் வழியாக ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாய்மரப் படகு என்றால் காற்றிலேயே ஓடிவிடுமா?

மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மெலிசு. பாதி நேரம் டீசல் எஞ்சின்தான். பின்னிரவிலும் விடிகாலையிலும் தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று அடிக்கும், பிற்பகலில் அது திரும்பிக் கடலிலிருந்து வரும். விடியும் முன் கிளம்பினால் அந்தத் தரைக்காற்றில் ஓரிரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் ஓடலாம். எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் படகின் வயிற்றைத் தடவிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும். என் மனைவிக்கு அந்த நேரத்துத் தூக்கம்தான் பிடிக்கும்.

எந்த மாதங்கள் நல்லவை?

மேற்குக் கரைக்கு டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. அப்போது வாடைக்காற்று கிழக்குக் கரையைப் போட்டு வாட்டிக்கொண்டிருக்கும். நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் இருப்பதால் நம் பக்கம் கடல் தட்டையாகக் கிடக்கும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' வரும். அது ஒரு புயல்வரிசை. ராத்திரியில் சுமத்திராப் பக்கமும் நீரிணையிலும் திரண்டு, பெரும்பாலும் விடிவதற்கு முன் நம் கரையைத் தாக்கும். ஒரு தடவை பங்கோருக்கு மேற்கே திறந்த கடலைப் பார்த்த ஒரு குடாவில் நின்றிருந்தோம். நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் மேற்கே அடிவானத்தில் நட்சத்திரமே இல்லை, கரிக்கோடு போட்ட மாதிரி ஒரு மேகம். காற்று சுத்தமாக நின்றது. அப்புறம் சில்லென்று ஒரு வீச்சு. அடுத்த பத்து நிமிஷத்தில் மழை கிடைமட்டமாக வந்தது. கரை எங்களுக்குப் பின்னால் இருநூறு மீட்டரில் இருந்தது. எஞ்சினை ஓட்டி, நங்கூரத்துக்குச் சுமை குறைத்து, ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். அதன்பிறகு அந்த மாதங்களில் மேற்கைப் பார்த்த குடா எதிலும் நாங்கள் ராத்திரி தங்குவதில்லை. தீவுக்குக் கிழக்கே ஒளிந்துகொள்வோம். ஜெரஜாக் பக்கத்தில் நங்கூரம் போடும் இடம் இதனால்தான் அருமையானது. மேற்கிலிருந்து வருவதை முழு பினாங்குத் தீவும் தாங்கிக்கொள்கிறது.

மின்னல்?

பயப்பட வேண்டியதுதான். உலகத்திலேயே இடி மின்னல் அதிகமான இடங்களில் மலேசியாவும் ஒன்று, நாம் ஒரு அலுமினியக் கம்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கிறோம். இடி நெருங்கினால் கைப்பேசி, கையடக்க ஜி.பி.எஸ், ஒரு ரேடியோ மூன்றையும் அடுப்புக்குக் கீழே இருக்கும் ஓவனுக்குள் வைத்து மூடுவோம். அது ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே இருப்பதைக் காக்கும். பாய்மரத்தையும் இரும்புக் கயிறுகளையும் தொடமாட்டோம். மழை விட்டதும் முதல் வேலையாக ஓவனைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். எடுத்த பிறகுதான் டீ போடுகிற பேச்சு.

ஏற்றம் வற்றம் என்கிறீர்களே, அது அவ்வளவு முக்கியமா?

அதுதான் எல்லாமே. கரையோர ஊர்களைப் பார்க்க விரும்புகிறவர் கடிகாரத்துக்கு முன்னால் இதைப் பழக வேண்டும். நம் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும், தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். பினாங்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். தெற்கே போகப் போகக் கூடி, போர்ட் கிள்ளானில் நாலு மீட்டரைத் தாண்டும். அம்மாவின் காலண்டரில் அமாவாசை பார்த்த பழக்கம் இப்போது எனக்குப் படகில் கைகொடுக்கிறது.

இந்தக் கரையில் ஊர்களின் பெயரைப் பாருங்கள். கோலா கெடா, கோலா குராவ், கோலா செபெத்தாங், கோலா சிலாங்கூர். கோலா என்றால் ஆற்றுவாய். ஒவ்வொரு ஆற்றுவாய்க்கு முன்னாலும் சேற்றுத் திட்டு இருக்கும், அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். வரைபடத்தை முழுக்க நம்பி உள்ளே போகக் கூடாது. வற்றத்தில் போனால் சேற்றில் உட்கார வேண்டியதுதான். ஏற்றம் பாதி ஆனதும் நுழையுங்கள். தட்டினாலும் ஏறுகிற தண்ணீர் உங்களைத் தூக்கிவிடும். உச்ச ஏற்றத்தில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை சாய்ந்துகொண்டு கிடக்க வேண்டும், அடுத்தது சின்ன ஏற்றமாக இருந்தால் இன்னும் பல நாள்.

மீன்பிடிப் படகுகள் எப்போது உள்ளே திரும்புகின்றன என்று வெளியே நின்று பார்ப்போம். ஒன்று நுழையும்போது அதன் தடத்திலேயே பின்னால் போவோம். ஆழமாக இறங்கிப் போகிற பெரிய படகாகப் பார்த்துத்தான் பின்தொடர வேண்டும், சின்ன ஃபைபர் படகு எதன்மேலும் வழுக்கிப் போய்விடும். கோலா குராவில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் எங்கள் தயக்கத்தைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டே முன்னால் போனார். உள்ளே கட்டியதும் "தெரிமா காசே, பாக்சிக்" என்று என் மனைவி ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார். அவர் எங்களுக்கு ஒரு பை நிறைய கெராங் சிப்பி கொடுத்தார்.

நீங்கள் போனதிலேயே மனசில் நின்ற ஊர் எது?

கோலா செபெத்தாங். பேராக்கில், தைப்பிங்குக்குப் பக்கத்தில். பழைய பெயர் போர்ட் வெல்ட். ஆற்றில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் கண்டல் காடு சுவர் மாதிரி நிற்கும். மாத்தாங் கண்டல் காடு 40,000 ஹெக்டேருக்கும் மேலே. 1900களின் தொடக்கத்திலிருந்து ஒரு பகுதியை வெட்டி, மறுபடி நட்டு, 30 வருஷம் வளரவிட்டு வெட்டுகிறார்கள். வெட்டிய மரம் ஏற்றம் பார்த்துத் தோணிகளில் கரிச்சூளைக்கு வரும். கவிழ்த்த பானை மாதிரி இருக்கும் அந்தச் சூளைகளின் புகை, ஊர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மூக்குக்கு வந்துவிடும்.

ஊருக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையை ஒட்டிப் பழைய ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. தைப்பிங்கிலிருந்து இங்கே வந்த பாதைதான் இந்த நாட்டின் முதல் ரயில் பாதை, 1885-இல் திறந்தார்கள். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை. தண்டவாளம் போய்விட்டது. பலகை மட்டும் இருக்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), சீனம், கூடவே தமிழ். ஆற்றிலிருந்து ஏறி, சேறு படிந்த செருப்போடு நடந்து வந்து, அந்தத் தமிழ் எழுத்தை நான் விரலால் தடவிப் பார்த்தேன். யாருக்காக எழுதினார்கள்? இங்கே வேலை பார்த்த, இங்கே ஏறி இறங்கிய நம் ஆட்களுக்காக. காரில் வருகிறவர்கள் நூடல் சாப்பிட்டுவிட்டு, பலகை முன் ஒரு படம் எடுத்துப் போய்விடுகிறார்கள். ரயில் ஏன் இந்தச் சேற்று ஓரத்துக்கு வந்தது என்பது கடலிலிருந்து உள்ளே வந்தால்தான் புரியும்.

வடக்கே என்ன இருக்கிறது?

குனோங் ஜெராய். லங்காவியிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 60 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் போகிற எங்கள் படகுக்கு முழுப் பகல் வேண்டும். அந்தப் பகலில் பெரும்பகுதி ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர். சுற்றிலும் கெடாவின் தட்டையான வயல், நடுவில் இது மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வந்த பாய்க்கப்பல்களுக்கு இதுதான் அடையாளம். மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்திருக்கின்றன. நாம் கடாரம் என்று படித்தது இந்தக் கெடாதான். ராஜேந்திர சோழனின் கடற்படை வந்த வருஷம் 1025.

பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தவன் நான். விடியும்போது தண்ணீரின் மேல் ஒரு நீல முக்கோணமாக அந்த மலை எழும்புவதைப் பார்த்த அன்றைக்குத்தான் அது நடந்த கதை என்று உறைத்தது. மெர்போக்கில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அடுத்த வாரமே பினாங்கிலிருந்து பேருந்து பிடித்துப் போனோம். முதலில் மலையைக் கடலிலிருந்து பாருங்கள், அப்புறம் அருங்காட்சியகம் போங்கள்.

வழியில் பாயார் தீவு இருக்கிறது. அது கடல் பூங்கா. பவளத்தின் மேல் நங்கூரம் போடவே கூடாது.

நங்கூரம் பிய்த்துக்கொண்டால்?

நம் கரையில் அடி பெரும்பாலும் சேறு. நன்றாகப் பிடிக்கும். சங்கிலியைக் கஞ்சத்தனமாக விட்டால்தான் பிய்க்கும். கணக்கு எளிது. வற்றத்தில் ஆழம் நாலு மீட்டர், ஏறப்போவது இரண்டு, தண்ணீரிலிருந்து படகின் முகப்பு ஒரு மீட்டர். மொத்தம் ஏழு. அதை ஐந்தால் பெருக்கி 35 மீட்டர் சங்கிலி விடுங்கள். விட்டபின் எஞ்சினைப் பின்னால் போட்டு இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு கூரையையும் நேர்கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோடு விலகினால் நங்கூரம் நகர்கிறது.

ராத்திரியில் ஓடலாமா?

நாங்கள் ஓடுவதில்லை. விளக்கில்லாத படகுகள், மிதவை சரியாகத் தெரியாத வலைகள், மழைக்குப் பிறகு ஆற்றிலிருந்து வரும் மரக்கட்டைகள். வலை புரொபெல்லரில் சுற்றினால் கத்தியோடு தண்ணீரில் இறங்க வேண்டும். அதோடு அது ஒரு மீனவரின் பிழைப்பு. அறுத்துவிட்டுப் பேசாமல் போவது தப்பு. தூரமாகப் போக வேண்டியிருந்தால் கரைக்கும் கப்பல் தடத்துக்கும் நடுவில் ஓடுங்கள், வி.எச்.எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலைத் திறந்தே வையுங்கள்.

சமையல், தண்ணீர்?

தண்ணீர்த் தொட்டி 400 லிட்டர். இரண்டு பேருக்கு இரண்டு வாரம் போகும். மழை வந்தால் மேல்துணியிலிருந்து பிடிப்போம். பாத்திரத்தை முதலில் கடல் நீரில் கழுவி, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து.

கேஸ் தோம்பு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம், படகிலோ அது அடிவயிற்றில் போய்த் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். தோம்பு வெளியே தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். சமைத்து முடித்ததும் வால்வை மூடுங்கள், ஒவ்வொரு வேளையும்.

சாப்பாடு என்ன குறை? படகுத்துறையில் விடிகாலை கெம்போங் மீன் வாங்கி, மனைவி புளி கரைத்துக் குழம்பு வைத்தால் பக்கத்துப் படகுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

மாசி மகத்தைப் படகிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும், ஒருமுறையாவது பாருங்கள். தெலுக் பஹாங்கில் சிங்கமுக காளியம்மன் மிதக்கும் தேரில் கடலில் வருவாள். பங்கோரில் பத்திரகாளியம்மன் கோயில் திருவிழாவுக்கு லுமுட்டிலிருந்து ஃபெரி ஃபெரியாக ஜனம் வரும். நங்கூரம் போட்டு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் நாதஸ்வரம், காற்றில் விட்டுவிட்டு வந்தது. அப்புறம் தண்ணீரில் தேரின் வெளிச்சம். தேர் போகும் வழிக்குள் போகாதீர்கள், எஞ்சினை ஓட்டாதீர்கள். தண்ணீரில் ஆட்கள் நிற்பார்கள்.

இதுவரை நடந்ததிலேயே மோசமானது?

வாங்கிய இரண்டாம் வருஷம். ராத்திரி மூன்று மணிக்குக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், கணுக்கால் வரை தண்ணீர். நக்கிப் பார்த்தேன், உப்பு. படகின் அடியில் கடல் நீர் உள்ளே வரும் குழாய்க்கு ஒரு வால்வு இருக்கும். அது இற்றுப்போய் உடைந்திருந்தது. ஒரு பழுதுபார்ப்பவர் வெண்கல வால்வு என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு பித்தளை வால்வைப் பூட்டியிருந்தார். 28 வருஷம் உலோகத்தோடு இருந்த நானே பெயின்ட் அடித்திருந்ததால் சுரண்டிப் பார்க்கவில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். கடல் நீர் துத்தநாகத்தைத் தின்றுவிடும். மிஞ்சுவது ரோஜா நிறத்தில் பொலபொலவென்று உதிரும் செம்பு. உடைந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன், நகத்தால் கிள்ளினாலே தூளாகிறது.

ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம். அன்றைக்கு அதுதான் படகைக் காப்பாற்றியது. ஓட்டைக்குள் அடித்து இறக்கினேன், தண்ணீர் நின்றது. படகு வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு சின்னக் கத்தி எடுத்துப்போய் வால்வைச் சுரண்டிப் பாருங்கள். சிவந்து தெரிந்தால் மாற்றுங்கள்.

உரிமம்?

படகு கடல்துறையில், அதாவது ஜபாத்தான் லாவுட்டில் பதிவாகியிருக்க வேண்டும், ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். விதிகளை அங்கேயே நேரில் போய்க் கேளுங்கள். வெளிநாட்டுக் கொடி உள்ள படகென்றால் குடிநுழைவு, சுங்கம், துறைமுகம் மூன்றுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு, அங்கிருந்து சாமான் கொண்டுவந்தால் சுங்கக் கணக்கு உண்டு.

செலவு?

மரினாவில், அதாவது காசு கொடுத்துப் படகைக் கட்டும் துறையில், படகின் நீளத்தை வைத்து வாங்குவார்கள், நங்கூரத்தில் நின்றால் அது மிச்சம். உண்மையான செலவு வருஷத்துக்கு ஒருமுறை படகைத் தரையேற்றி அடியில் பெயின்ட் அடிப்பது. வெதுவெதுப்பான தண்ணீர் என்பதால் சிப்பி சீக்கிரம் ஒட்டும். லுமுட் பக்கமும் லங்காவியிலும் தரையேற்றலாம். பட்டறைக்காரர் பின்னால் நின்று பார்த்து, எண்ணெய் மாற்றுவது, பம்பைப் பிரிப்பது இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். பாதிச் செலவு குறையும்.

எனக்குக் கப்பலில் வாந்தி வருமே?

அடிவானத்தைப் பாருங்கள், கீழே போய்ப் படிக்காதீர்கள், இஞ்சி மெல்லுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

முதல் தடவை எங்கே போவது?

தூரம் வேண்டாம். ஜெரஜாக்கிலிருந்து வற்றத்தின் ஓட்டம் வடக்கே இழுக்கும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். பாலத்துக்கு அடியில் போகும்போது கம்பம் இடித்துவிடும் போலத் தோன்றும், இடிக்காது, தாராளமான உயரம். பிறகு இடப்பக்கம் சீனக் குலங்களின் மரக்கால் வீடுகள், ஃபெரி குறுக்கே போகும் இடம் (அதற்கு வழி விடுங்கள்), கார்ன்வாலிஸ் கோட்டை, பத்து ஃபெரிங்கி. மூன்று, மூன்றரை மணி நேரத்தில் தீவின் வடமேற்கு முனை, மூக்கா ஹெட். மேலே 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம். வாடைக்காற்று மாதம் என்றால் முனையைச் சுற்றி மேற்கே கெராச்சுட் கடற்கரைக்கு முன் நில்லுங்கள், மற்ற மாதம் என்றால் முனைக்குக் கிழக்கே தெலுக் டுயோங். கெராச்சுட்டில் ஆமைகள் முட்டையிட ஏறும். ராத்திரி கரைப்பக்கம் வெளிச்சம் அடிக்காதீர்கள். நங்கூர விளக்கு மட்டும் போதும். காலையில் கடல் அசையாமல் இருந்தால் டிங்கி என்ற சின்னத் துணைப்படகை இறக்கிக் கரைக்குத் துடுப்புப் போடுங்கள், மணலில் டயர் தடம் மாதிரி ஒரு கோடு தண்ணீரிலிருந்து மேலே போயிருக்கிறதா என்று பாருங்கள்.